கரை இல்லாத கடற்போர்: உத்தி விளையாட்டுகளில் சோழர் கடலும் சோழமண்டலக் கரையும்

வரலாற்றைப் பின்புலமாகக் கொண்ட கணினி உத்தி விளையாட்டுகளில் ஊர் அமைத்தல், படை திரட்டல், கப்பல் கட்டுதல், நாடு பிடித்தல் ஆகிய அனைத்தையும் ஆடுபவரே திட்டமிட்டுச் செய்ய வேண்டும். இவ்வகை விளையாட்டுகளில் தமிழரின் கடலோட்டம் இடம்பெற்றது மிக அண்மையில்தான். 1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டின் புதுப்பதிப்புக்கு 2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவாக்கம் வந்தது. அதில் ‘திராவிடர்’ என்ற பெயரில் ஒரு புதிய நாகரிகமும், முதலாம் இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடிப்பார்க்கும் தொடர்கதைப் பகுதியும் சேர்க்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் வெளிவந்த ‘சிவிலைசேஷன் 7’ சோழரைத் தனி நாகரிகமாகவே கொண்டுவந்தது.

இரண்டு தொடர்களும் முடிந்துபோனவை அல்ல. முதல் பதிப்பு வந்து கால் நூற்றாண்டு கடந்தும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்குப் புதிய விரிவாக்கங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எனவே இவற்றில் கடல் எப்படிக் காட்டப்படுகிறது, வரும் பதிப்புகளில் எது திருந்த வேண்டும் என்று கேட்பது பயனுள்ள கேள்வி. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடைத்தாளில் வந்த கப்பல்

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் உள்ள அனுப்பம்பட்டில் வசிக்கிறேன். மாலையில் சில பிள்ளைகள் என்னிடம் படிக்க வருகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோடு, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்து இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பவர்களும் உண்டு.

ஒருநாள் சோழர் கடற்படை பற்றிச் சிறுகுறிப்பு எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் ‘சோழர்களின் மிகப் பெரிய போர்க்கப்பல் திரிசடை’ என்று எழுதியிருந்தான். எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டேன். “புத்தகத்துல இல்ல சார், கேம்ல இருக்கு” என்றான். மறுநாள் அண்ணனின் மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டினான். வீரர்கள் தமிழில் பதில் சொன்னதைக் கேட்டு எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

திரையில் கப்பல்கள் இங்கும் அங்கும் விரைந்துகொண்டிருந்தன. குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சார், இந்தக் கப்பலுக்கு எந்தக் காத்து? எல்லாப் பக்கமும் ஒரே வேகமா போகுதே” என்றாள்.

அவன் எழுதிய பெயர், அவள் கேட்ட காற்று. இந்த விளையாட்டுகளின் குறைகளை ஆராய இவ்விரண்டுமே எனக்குப் போதுமானவையாகத் தோன்றின.

விளையாட்டுகள் தருவது என்ன?

முதலில் சிறப்புகளைச் சொல்லிவிட வேண்டும். ‘தி ஃபர்காட்டன்’ என்ற விரிவாக்கம் 2013இல் வந்தபோது இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் ‘இந்தியர்’ என்ற ஒரே நாகரிகமாகத்தான் இருந்தது. 2022இல் அது பிரிக்கப்பட்டு, பழைய நாகரிகம் ‘இந்துஸ்தானியர்’ எனப் பெயர் மாறியது. திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் ஆகியோர் தனித்தனியே வந்தனர். தெற்கே கடலை நோக்கிய ஓர் அரசியல் இருந்தது என்பதை உலகெங்கும் உள்ள இளைஞர்களுக்கு இந்தப் பிரிப்பு அறிமுகப்படுத்தியது.

திராவிடர் நாகரிகம் காலாட்படையிலும் கடற்படையிலும் வலிமை கொண்டதாக அமைக்கப்பட்டுள்ளது. மீன்பிடிப்பவர்கள் மற்ற நாகரிகத்தாரைவிடக் கூடுதலாக உணவைச் சுமப்பார்கள். சுருள்வாள் வீரன் அதன் தனிப்படை. துறைமுகத்தில் கட்டப்படும் தனிக்கப்பலின் பெயர்தான் திரிசடை. ஒரே நேரத்தில் பல அம்புகளை எய்யும் கனத்த போர்க்கப்பலாக அது காட்டப்படுகிறது.

சிவிலைசேஷன் 7 வேறு வழியில் செல்கிறது. அங்கே சோழரின் தனிக்கப்பலுக்குக் ‘கலம்’ என்றே பெயர். நகருக்குள் ‘அஞ்சுவண்ணம்’, ‘மணிக்கிராமம்’ என்ற இரண்டு கட்டடங்களை அருகருகே எழுப்பினால் அப்பகுதி ‘ஐந்நூற்றுவர்’ பெயரைப் பெறுகிறது. இவை மூன்றும் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் காணப்படும் வணிகக் குழுக்களின் பெயர்கள். 849ஆம் ஆண்டுக்குரிய கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் வருகின்றன. தாய்லாந்தின் தகுவாபா பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில் மணிக்கிராமத்தாரின் பெயர் இருக்கிறது. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவருடையது.

பெயரின் சான்று

கம்பராமாயணம் படித்தவர்களுக்குத் திரிசடை யாரென்று தெரியும். அசோக வனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்ன அரக்கர்குலப் பெண் அவள். அந்தப் பெயர் எப்படிப் போர்க்கப்பலுக்கு வந்தது?

இணையத்தில் சோழர் கடற்படை பற்றிய ஒரு பட்டியல் நெடுநாளாக உலவுகிறது. தரணி, வஜ்ரா, திரிசடை என்று கப்பல்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் இக்காலக் கடற்படையின் நாசகாரிக் கப்பலுக்கு நிகர், ஃபிரிகேட்டுக்கு நிகர், பெரும் போர்க்கப்பலுக்கு நிகர் என்று அது சொல்கிறது. அதைத் தரும் பக்கங்களில் நான் பார்த்த எதிலும் கல்வெட்டு எண் இல்லை, செப்பேட்டின் பெயர் இல்லை, பாடல் அடியும் இல்லை. இந்த வகைப்பாடே ஐயத்தை எழுப்புகிறது. ஃபிரிகேட்டும் நாசகாரியும் பீரங்கி, நீராவி, நீர்மூழ்கி ஆகியவை வந்த பிறகு உருவான பிரிவுகள். பதினோராம் நூற்றாண்டின் கப்பல்களை அவற்றோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது, இராசராசன் படையில் டாங்கி எது என்று தேடுவதைப் போன்றது.

சான்றுள்ள செய்திகள் வேறு. இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றதையும் ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலிய இடங்களையும் வரிசையாகக் கூறுகிறது. சென்ற கப்பல்களைக் ‘கலம்’ என்ற பொதுச்சொல்லால்தான் அது குறிக்கிறது. எத்தனை கலம், எவ்வளவு நீளம், எத்தனை பாய்மரம் என்ற விவரம் அதில் இல்லை. சங்க இலக்கியத்தில் நாவாய், வங்கம், தோணி, அம்பி எனப் பல சொற்கள் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழி நூல், இக்கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்ற கலங்களையும், கங்கைக்கும் கீழைக் கடலுக்கும் செல்லும் பெரிய கலங்களையும் குறிப்பிடுகிறது.

அதனால் ‘கலம்’ என்ற பெயரைத் தேர்ந்த சிவிலைசேஷன் 7 இந்த ஓர் இடத்தில் நம்பகமானது. கல்வெட்டு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவோடு அது நின்றுகொண்டது. திரிசடையைத் தேர்ந்த விளையாட்டோ இணையப் பட்டியலில் உலவும் பெயருக்கு ஓர் உருவமும் கொடுத்துவிட்டது. உருவம் கிடைத்த பிறகு பெயர் உறுதியாகிவிடுகிறது. என் மாணவன் கண்ணால் கண்டதைத்தான் எழுதினான்.

இந்தக் குற்றத்தை விளையாட்டு நிறுவனத்தின் மேல் மட்டும் சுமத்த முடியாது. இதுபோன்ற திறந்த கலைக்களஞ்சியங்களில் எழுதும் நமக்கும் பங்கு உண்டு. சான்றில்லாத ஒரு வரியை நாம் விட்டுவைத்தால், அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய், காணொளியாகி, விளையாட்டாகி, கடைசியில் பிள்ளைகளின் விடைத்தாளில் வந்து நிற்கும். அதை அடித்துத் திருத்தும் ஆசிரியரைத்தான் தமிழர் பெருமைக்கு எதிரானவர் என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

காற்று இல்லாத கடல்

அடுத்தது மாணவி கேட்ட கேள்வி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் காற்று கிடையாது. எந்தக் கப்பலும் எந்தத் திசையிலும் ஒரே வேகத்தில் செல்லும். ஆண்டின் பருவங்களும் இல்லை.

வங்கக் கடலில் காற்றும் நீரோட்டமும் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகின்றன. பாய்மரக் காலத்தில் போவதற்கு ஒரு காற்று, திரும்புவதற்கு வேறொரு காற்று. கடாரம் சென்ற படை வென்ற மறுநாளே திரும்பிவிட முடியாது. காற்று மாறும்வரை எங்கோ தங்க வேண்டும். தங்கினால் நீர் வேண்டும், அரிசி வேண்டும், கப்பலைப் பழுதுபார்க்கும் இடமும் வேண்டும். மணிக்கிராமத்தாரும் ஐந்நூற்றுவரும் கடல்கடந்த ஊர்களில் குளமும் குடியிருப்புமாக இருந்ததன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. காற்றை எடுத்துவிட்டால் வணிகக் குழுக்கள் வெறும் அலங்காரக் கட்டடங்களாகிவிடும்.

காற்று எப்படிப் போரின் போக்கையே முடிவு செய்யும் என்பதற்கு நம் கரையிலேயே தெளிவான சான்று இருக்கிறது. 1746 செப்டம்பரில் லா போர்தொனே தலைமையிலான பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. அக்டோபரில் வடகிழக்குப் பருவப் புயல் தாக்கி அவருடைய கப்பல்கள் சில அழிந்தன, சில முறிந்தன. கடலில் பெற்ற மேலாண்மை ஓர் இரவில் போயிற்று. 1761 சனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களையும் ஒரு புயல் இதேபோல் சிதறடித்தது.

1782-83இல் நடந்த போர் இன்னும் பொருத்தமானது. பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரென், ஆங்கிலத் தளபதி ஹியூஸ் ஆகிய இருவரும் சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரையருகே உள்ள புரொவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று ஐந்து முறை மோதினார்கள். இந்த ஐந்து சண்டைகளிலும் பெரிய போர்க்கப்பல் எதையும் எதிரி மூழ்கடிக்கவும் இல்லை, கைப்பற்றவும் இல்லை. பிரெஞ்சுத் தரப்பு இழந்த பெருங்கப்பல்களில் ‘ஓரியான்’ திருகோணமலை அருகிலும் ‘பிசார்’ கடலூரிலும் கரை தட்டி உடைந்தவை.

இருவரையும் வாட்டிய கேள்வி, வடகிழக்குப் பருவம் வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதே. சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. அருகில் இருந்தது திருகோணமலை ஒன்றுதான். 1782 சனவரியில் ஆங்கிலேயர் அதை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தனர். ஆகஸ்டு இறுதியில் சூஃப்ரென் அவர்களிடமிருந்து பிடித்தார். அக்டோபரில் ஹியூஸ் பம்பாய்க்குச் சென்றார். சூஃப்ரென் சுமத்திராவின் அச்சேவுக்குச் சென்றார். இரண்டு கடற்படைகளும் போரை நடுவில் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு திசையில் ஒதுங்கிய இந்தக் காட்சியை எந்த விளையாட்டில் பார்க்க முடியும்?

சில முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2009இல் வந்த ‘எம்பயர்: டோட்டல் வார்’ கடற்சண்டையில் காற்றின் திசை பாய்க்கப்பலின் வேகத்தை மாற்றும். சிவிலைசேஷன் தொடரில் 2019இன் ‘கேதரிங் ஸ்டார்ம்’ விரிவாக்கம் சூறாவளிகளைக் கொண்டுவந்தது. ஆனால் அந்தச் சூறாவளி எதிர்பாராமல் வரும் விபத்து. பருவம் என்பது விபத்தன்று. அது வரும் மாதம் நம் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும், அன்றைய மாலுமிக்கும் தெரியும். தெரிந்த ஒன்றுக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்வதைத்தானே உத்தி என்கிறோம்?

எங்கும் இறங்கலாம் என்னும் கரை

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் நீரும் நிலமும் சேரும் ஏறக்குறைய எந்த இடத்திலும் துறைமுகம் கட்டலாம். ஆட்களை ஏற்றிய கப்பல் எந்தக் கரையைத் தொட்டாலும் வீரர்கள் நடந்து இறங்கிவிடுவார்கள்.

நம் கரை அப்படிப்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலாண்டில் துறைமுகப் பணி தொடங்கும்வரை சென்னைக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறிக் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை உடையும் இடத்தில் ஆணி அடித்த படகு அடி வாங்கினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அதைச் செலுத்தத் தெரிந்தவர்கள் இக்கரை மீனவர்கள் மட்டுமே. ஆளுநரானாலும் படைத்தலைவரானாலும் கரை ஏற அவர்களைத்தான் நம்ப வேண்டும். கட்டுமரமும் இக்கரையின் கருவிதான். அச்சொல்லே ஆங்கிலத்துக்குச் சென்றது.

பழவேற்காட்டின் கதை இன்னும் நுட்பமானது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் திறந்திருந்தால் படகு கடலுக்குப் போகும், மீனும் இறாலும் உள்ளே வரும். மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் இரண்டும் நிற்கும். இன்றும் இங்குள்ள மீனவர்களின் முதல் கவலை முகத்துவாரம்தான். ஏரிக்குள் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாடும் இவர்களிடம் உண்டு.

இந்த அறிவு எதற்கும் விளையாட்டில் மதிப்பெண் கிடையாது. அங்கே மீனவர் என்றால் உணவு சேர்க்கும் ஆள். ‘கூடுதலாகச் சுமப்பார்’ என்பதே அவருடைய சிறப்பு. கடற்படை அரசனுடையது, மீன் மீனவனுடையது என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இக்கரையில் மீனவர் துணையின்றி எந்த அரசனும் எந்தக் கம்பெனியும் கடலை ஆண்டதில்லை. தன் அப்பாவுக்குத் தெரிந்த காற்றும் அலையும் வரலாற்றின் பகுதி என்று அந்த மாணவிக்கு யார் சொல்வது? பாடநூல் அதை விரிவாகச் சொல்வதில்லை. விளையாட்டாவது சொல்லலாமே.

கப்பல் எதை ஏற்றிச் சென்றது?

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் வணிகக் கப்பல் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போய்வந்தால் பொன் சேரும். அதில் என்ன சரக்கு இருந்தது என்று தெரியாது.

பழவேற்காட்டில் டச்சு நாட்டின் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். நம் பகுதித் தறித்துணி இங்கிருந்து கீழைத் தீவுகளுக்குப் போய், அங்கே நறுமணப் பொருள்களாக மாறியது. கோட்டையில் வெடிமருந்து செய்தார்கள். பஞ்ச காலங்களில் வறியவர்களை விலைக்கு வாங்கி ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பத்தாவியா போன்ற டச்சு நகரங்களுக்கு இங்கிருந்து போன சரக்கில் மனிதர்களும் இருந்தனர். டச்சுக் கல்லறைகளை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகள் அவற்றின் அழகிய செதுக்கல்களைப் பார்த்துச் செல்கிறார்கள். விற்கப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

வணிகத்தை வெறும் பொன் எண்ணாகக் காட்டும் விளையாட்டு இந்தக் கல்லறைத் தோட்டத்தைப் போன்றது. இலாபம் பெற்றவர் பக்கம் மட்டும் அதில் தெரிகிறது.

‘இது வெறும் விளையாட்டுத்தானே?’

இக்கேள்வி எழும் என்று தெரியும். விளையாட்டு பாடநூல் அன்று என்பது உண்மைதான். சதுரங்கத்தில் யானை நேர்கோட்டில் போகிறது என்று யாரும் குறை சொல்வதில்லை. எளிமைப்படுத்தாமல் எந்த விளையாட்டையும் அமைக்க முடியாது. சிவிலைசேஷனில் ஒரு முறை ஆடினால் பல ஆண்டுகள் கடந்துவிடும். அதில் மாதப் பருவத்தை அப்படியே வைப்பது கடினம் என்பதையும் ஏற்கிறேன்.

ஆனால் சதுரங்கம் தன்னை வரலாறு என்று அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. இவை அரசர் பெயர், ஊர்ப்பெயர், கதைக்குரல் எல்லாவற்றையும் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஆடுபவரும் அதை வரலாறாகவே ஏற்கிறார். அப்படியிருக்க, எதை எளிமைப்படுத்தலாம், எதை விடக்கூடாது என்ற தேர்வில் பொறுப்பு வேண்டும். கப்பலின் நிறம் தவறினால் பாதகமில்லை. காற்றை விட்டால் அந்தக் கடலில் முடிவெடுத்தவர்கள் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பதே புரியாமல் போகும்.

தொழில்நுட்பத் தடை என்று சொல்லவும் வழியில்லை. 2024இல் வந்த ‘கிரானிக்கிள்ஸ்: பேட்டில் ஃபார் கிரீஸ்’ விரிவாக்கத்தில், கிரேக்க-பாரசீகக் கடற்போருக்காகவே ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் கப்பல் வகைகளும் துறைமுகமும் புதிதாக வடிவமைக்கப்பட்டன. நடுநிலக்கடலுக்குச் செய்ததை வங்கக் கடலுக்கும் செய்யலாம்.

அடுத்த பதிப்புகளுக்குச் சில பரிந்துரைகள்

முதலாவது, பருவம். ஆட்டத்தின் காலத்தை இரண்டு காற்றுகளாகப் பிரிக்கலாம். காற்றோடு போனால் விரைவு, எதிர்த்தால் மந்தம். வடகிழக்குப் பருவத்தில் திறந்த கரையில் நிற்கும் கப்பலுக்குச் சேதம். ஒதுங்க இடம் தேடுவதே ஆட்டத்தின் பாதியாகிவிடும். சூஃப்ரென், ஹியூஸ் போரை இந்த விதியில் தனிக் கதையாகவே அமைக்கலாம். ஐந்து சண்டை, ஓர் இயற்கைத் துறைமுகம், இரண்டு பருவங்கள்: உத்தி விளையாட்டுக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

இரண்டாவது, கரையின் வகைகள். இயற்கைத் துறைமுகம், முகத்துவாரம், அலை உடையும் திறந்த கரை என்று மூன்றாகப் பிரித்தாலே போதும். திறந்த கரையில் இறங்கப் படகும் படகுக்காரரும் வேண்டும். முகத்துவாரம் ஆட்டத்தின் நடுவில் அடைபடவும் திறக்கவும் கூடும். அப்போது மீனவர் உணவு சேர்ப்பவராக மட்டும் இல்லாமல் போரின் முடிவை மாற்றுபவராகவும் இருப்பார்.

மூன்றாவது, வணிகக் குழுக்கள். நட்பும் பகையும் மாறுவதற்கு வணிகமே காரணமாகலாம். இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊர் கொடையாக அளிக்கப்பட்டது. அதைச் சொல்லும் செப்பேடுகள் டச்சு நாட்டுக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. அந்த நட்பிலிருந்து 1025இன் படையெடுப்புக்கு இடையே ஏறக்குறைய இருபது ஆண்டுகளே. நடுவில் 1015இல் சோழத் தூதர்கள் சீனத்தை அடைந்திருந்தார்கள். இந்த மாற்றத்தை ஆடிப்பார்க்கக் கொடுத்தால் இராசேந்திரன் வெறும் வெற்றி வீரனாக இல்லாமல் கணக்குப் போடும் அரசனாகத் தெரிவான்.

நான்காவது, சரக்கு. வணிகக் கப்பலில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். துணி, மிளகு, அரிசி, குதிரை, மனிதர் எதுவானாலும் பெயர் சொல்லட்டும். கசப்பானதை மறைக்காத விளையாட்டையும் பிள்ளைகள் ஆடுவார்கள்.

ஐந்தாவது, சான்றுக் குறி. இவ்விளையாட்டுகளில் ஒவ்வொரு படைக்கும் கட்டடத்துக்கும் சிறு வரலாற்றுக் குறிப்பு சேர்ப்பது வழக்கம். அதில் ‘கல்வெட்டு’, ‘இலக்கியம்’, ‘அகழாய்வு’, ‘கற்பனை’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். திரிசடைக்குக் ‘கற்பனை’ என்று போட்டுவிட்டு அதே கப்பலை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு மறுப்பில்லை. கற்பனையும் வேண்டியதுதான், ஆனால் அது கற்பனை என்று தெரிய வேண்டும்.

நிறைவாக

சோழரின் கடலை உலகத்துக்குக் காட்டியதற்காக இவ்விளையாட்டுகளைப் பாராட்டலாம். வீரர்கள் தமிழில் பேசியதைக் கேட்டுக் கைதட்டிய பிள்ளைகளின் மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் இவை காட்டும் கடலில் அரசனும் கப்பலும் மட்டுமே இருக்கிறார்கள். காற்றும் மணலும், அலையில் படகு விட்டவரும், விற்கப்பட்டவரும் அதற்குள் வரவேண்டும். அதுவே இத்தொடர்களின் அடுத்த வளர்ச்சியாக இருக்க முடியும். இன்னும் பெரிய கப்பலைச் சேர்ப்பது வளர்ச்சியாகாது.

விடைத்தாளில் நான் அந்த வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் ‘சான்று?’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவன் மெய்க்கீர்த்தியில் வரும் ஊர்ப்பெயர்களைத் தானே எழுதிக் கொண்டுவந்தான். திரிசடை இருந்த இடத்தில் ‘கலம்’ என்று திருத்தியிருந்தான். அந்த மாணவிக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். எந்த மாதத்தில் எந்தக் காற்று, எந்தக் காற்றில் முகத்துவாரம் கடக்கலாம், எதில் கூடாது என்று தன் அப்பாவிடம் கேட்டு எழுதி வர வேண்டும். இதுவரை வாடையும் கொண்டலும் எழுதி முடித்திருக்கிறாள்.